தாய் உண்ணும் உணவும் பிள்ளையின் பிற்கால உடம்பும்

(தோட்டப் பிரிவு ஒன்றில் நடந்த தாய்மார் கூட்டத்தில் எமது சுகாதாரக் குழுவினர் பேசியதன் எழுத்து வடிவம்)



கதவோரம் நிற்கிறவர்கள் தயவுசெய்து உள்ளே வந்து உட்காருங்க. இது பொம்பளைகள் கூட்டம், நமக்கென்ன என்று போய்விட வேண்டாம். இன்றைக்கு நாங்கள் பேசப்போகிற விஷயத்தில் பாதி உங்கள் கையில்தான் இருக்கிறது.

கர்ப்பிணித் தாய் சாப்பிடுகிற சாப்பாட்டுக்கும், அவள் வயிற்றில் இருக்கிற பிள்ளை பத்து வயதில், இருபது வயதில், நாற்பது வயதில் எப்படிப்பட்ட உடம்போடு இருக்கும் என்பதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. குறிப்பாக, பிள்ளைகளுக்கு வருகிற அளவுக்கு மீறிய உடற்பருமன், அதற்குப் பின்னால் வருகிற சீனி வருத்தம், பிரஷர் இவற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

இதைச் சொன்னதும் சில அம்மாமார் சிரிக்கிறீர்கள். "நம்ம புள்ளைகளுக்கு ஏதுங்க கொழுப்பு? எலும்பும் தோலுமா இருக்குதுங்க" என்று ஒரு பாட்டி முன்னுக்கே சொல்லிவிட்டார். நியாயமான கேள்விதான். 2016ஆம் ஆண்டு அரசாங்கம் எடுத்த கணக்கெடுப்பின்படி, நாடு முழுவதும் ஐந்து வயதுக்குக் குறைந்த 100 பிள்ளைகளில் 17 பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. தோட்டப் புறத்தில் மட்டும் பார்த்தால் அது 32 பேர். அப்படியிருக்க இங்கே வந்து பருமனைப் பற்றிப் பேசுவது என்ன நியாயம்?

ஆனால் டிஸ்பென்சரி வாசலில் நிற்கிறவர்களைப் பாருங்க. சீனி வருத்தம் பங்களாக்காரர்களின் வருத்தம் என்று சொன்ன காலம் ஒன்று இருந்தது. இப்போது கொழுந்து எடுக்கிற அம்மாவும், கவ்வாத்து வெட்டுகிற ஐயாவும் சீனிக் குளிசை வாங்க நிற்கிறார்கள். இவர்கள் யாரும் பாலும் நெய்யுமாகச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் அல்ல. வயிற்றிலேயே பட்டினியைப் பார்த்து, சின்னதாகப் பிறந்து, பிறகு மாவும் சீனியுமாக வளர்ந்தவர்கள். பட்டினியும் பருமனும் எதிரெதிரானவை என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் ஒன்று மற்றதற்கு வழி திறந்துவிடுகிறது. இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்கிறோம்.

இரண்டாவது உலக யுத்தத்தின் கடைசிக் காலம். ஐரோப்பாவில் ஒல்லாந்து தேசத்தின் மேற்குப் பகுதிக்கு ஜேர்மன் படை சாப்பாடு போகவிடாமல் தடுத்துவிட்டது. 1944 கடைசியிலிருந்து 1945 மே மாதம் வரை, அந்தக் கடுங்குளிரில், ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 முதல் 800 கலோரி வரைதான் கிடைத்தது. ஓர் ஆளுக்கு வேண்டியதில் அது பாதிகூட இல்லை. அந்த நேரத்திலும் பெண்கள் கர்ப்பமாக இருந்தார்கள், பிள்ளைகள் பிறந்தன. யுத்தம் முடிந்தது, சாப்பாடு வந்தது. அந்தப் பிள்ளைகளில் ஆண்கள் 19 வயதானதும் இராணுவச் சேவைக்காகப் பரிசோதிக்கப்பட்டார்கள். ஏறத்தாழ மூன்று இலட்சம் இளைஞர்களின் அந்தப் பதிவுகளை வைத்து 1976இல் ஆராய்ச்சியாளர்கள் ஒரு கணக்குப் பார்த்தார்கள்.

கர்ப்பத்தின் முதல் பாதியில் தாய் பட்டினி கிடந்திருந்தால், அந்தப் பிள்ளைகளில் அதிகம் பேர் 19 வயதில் அளவுக்கு மீறிப் பருத்திருந்தார்கள். கடைசி மாதங்களில் மட்டும் பட்டினி வந்திருந்தால் பருமன் குறைவு. ஆனால் அவர்களுக்கு ஐம்பது வயதானபோது இரத்தத்தில் சீனியைக் கட்டுப்படுத்தும் சக்தி குறைந்திருந்தது வேறு ஆய்வில் தெரிந்தது.

இங்கே இருக்கிற பெரியவர்களுக்கு 1973, 1974ஆம் ஆண்டுப் பஞ்சத்தைப் பற்றி நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. பாணுக்கும் மாவுக்கும் வரிசையில் நின்றதையும், மலையில் கிடைத்த கீரை, கிழங்கைத் தின்று நாள் கழித்ததையும், லயத்துக்கு லயம் சாவு விழுந்ததையும் பார்த்தவர்கள் நீங்கள். அந்த வருஷங்களில் வயிற்றில் இருந்த பிள்ளைகளுக்கு இன்றைக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது சீனியும் பிரஷரும் பார்க்கச் சொல்லுங்க.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது? தாயின் இரத்தத்திலிருந்து தொப்புள் கொடி வழியாகத்தான் பிள்ளைக்குச் சாப்பாடு போகிறது. வருவது குறைவாக இருந்தால் பிள்ளையின் உடம்பு சிக்கனம் பிடிக்கும். குறைந்த சம்பளத்தில் குடும்பம் நடத்துகிற நமக்கு இது விளங்காத விஷயமில்லை. முதலில் மூளைக்கு வேண்டியதைக் கொடுக்கும். தசை, சிறுநீரகம், இன்சுலின் சுரக்கிற சதையி இவைகளுக்குக் கையைச் சுருக்கிவிடும். கிடைப்பதைக் கொழுப்பாகச் சேர்த்து வைக்கவும் பழகிக்கொள்ளும். வெளியே பஞ்சம் என்று நினைத்துக்கொண்டு பிறக்கிற அந்த உடம்புக்கு, பிறந்த பிறகு சீனித் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கோதுமை மாவும் கொட்டினால் அது செலவழிக்கத் தெரியாமல் சேமித்துக்கொண்டே போகும்.

இந்தியாவில் பூனா நகரத்துக்குப் பக்கத்துக் கிராமங்களில் டாக்டர் யாஜ்னிக் என்பவரின் குழுவினர் பிறந்த பிள்ளைகளை அளந்து பார்த்தார்கள். சராசரி நிறை 2.7 கிலோ. இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கு 3.5 கிலோ. பூனாப் பிள்ளைகள் கை கால் மெலிந்து, தசை குறைந்து இருந்தார்கள். ஆனால் தோலுக்குக் கீழே இருக்கிற கொழுப்பு மட்டும் அவ்வளவு குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. நம்முடைய பிள்ளைகளும் அதே மாதிரி உடல்வாகு கொண்டவர்கள்தான்.

அந்தக் கிராமத்துத் தாய்மாரும் உங்களைப் போல வெளியில் வேலை செய்கிறவர்கள், உங்களைப் போலவே ஒல்லியானவர்கள். அவர்களில் எந்தத் தாய்க்குக் கொஞ்சம் பெரிய, திடமான பிள்ளை பிறந்தது என்று பார்த்தபோது, சோறு ரொட்டியை அதிகம் சாப்பிட்ட தாய் என்று வரவில்லை. பச்சைக் கீரை, பழம், பால் இவற்றை அடிக்கடி சாப்பிட்ட தாய்க்குத்தான் அப்படிப் பிறந்தது. 2001இல் வெளியான இந்தச் செய்தியை நாங்கள் எங்கே போனாலும் சொல்லிக்கொண்டு வருகிறோம். ஏனென்றால் கீரை நமக்கு எட்டாத பொருள் இல்லை.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். விடிய எழும்பி, கோதுமை மா ரொட்டி, மிளகாய்ச் சம்பல், ஒரு கோப்பை பிளேன்டீ, அதில் மூன்று கரண்டி சீனி. மலையில் பத்து மணிக்கு மிச்ச ரொட்டி, இன்னொரு பிளேன்டீ. பகலுக்குச் சோறும் உருளைக்கிழங்குக் கறியும். இரவு எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிச்சம் இருப்பது. பதினெட்டு, இருபது கிலோ கொழுந்து எடுக்கிற ஒரு கர்ப்பிணித் தாயின் ஒரு நாள் சாப்பாடு இதுதான். வயிறு நிறைகிறது, பசி தெரியவில்லை, சரி. ஆனால் பிள்ளைக்குத் தசை வைக்க இதில் என்ன இருக்கிறது?

சம்பளம் போதாது என்பது எங்களுக்குத் தெரியாத விஷயமில்லை. தாயின் தலையில் பழியைப் போடவும் நாங்கள் வரவில்லை. ஆனால் எங்கள் கண்ணுக்குப் பட்ட ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. இந்த லயங்களைச் சுற்றி எவ்வளவு அழகாக மரக்கறித் தோட்டம் போட்டிருக்கிறீர்கள்! கோவா, போஞ்சி, கரட், லீக்ஸ் எல்லாம் லொறியில் ஏறிப் போகிறது. மாடு வைத்திருக்கிற வீடுகளில் காலைப் பால், மாலைப் பால் இரண்டும் சேகரிக்கிற நிலையத்துக்குப் போகிறது. அதே வீட்டில் ஏழு மாதக் கர்ப்பிணி வெறும் சாயத்தண்ணி குடிக்கிறாள். காசு வேண்டும், விற்கத்தான் வேண்டும். ஆனாலும் அந்தப் பாலில் ஒரு கோப்பையையும், அந்தத் தோட்டத்தில் ஒரு பிடி கீரையையும் அவளுக்கென்று ஒதுக்கிவிட்டு மிச்சத்தை விற்கலாமே. இதை முடிவு செய்கிறவர்கள் பெரும்பாலும் அப்பாமாரும் மாமியார்மாரும். அதனால்தான் உங்களை உள்ளே கூப்பிட்டோம்.

ரொட்டியை விடச் சொல்லவில்லை. மாவைப் பிசையும்போது ஒரு பிடி முருங்கைக் கீரையோ பொன்னாங்காணியோ அரிந்து போடுங்க. பாதி மாவுக்குக் குரக்கன் மா கலந்து பாருங்க. சம்பலோடு பருப்புக் கறியும் வையுங்க. நெத்தலிக் கருவாடு கொஞ்சம் போதும், அதில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்தே இருக்கிறது, உப்பைக் கழுவிவிட்டுச் சமையுங்க. பயறு, கௌபி, கடலை இவற்றில் ஒன்றை அவித்து மலைக்குக் கொண்டு போனால் பத்து மணி பிஸ்கட் தேவையில்லை. வீட்டில் கோழி இருந்தால் முட்டை முதலில் கர்ப்பிணிக்கு.

எவ்வளவு சாப்பிடுவது? "ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்" என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். "கொறச்சு சாப்பிட்டாத்தான் புள்ள சின்னதா இருக்கும், லேசா பொறக்கும்" என்று இன்னொரு பக்கம். இரண்டும் சரியில்லை. முதல் மூன்று மாதம் அளவு பெரிதாகக் கூடத் தேவையில்லை, ஆனால் தரம் வேண்டும். பிறகு நாளுக்கு 350 கலோரி, கடைசி மூன்று மாதத்தில் 450 கலோரி அளவில் கூடுதலாக வேண்டும். ஒரு கோப்பைச் சோறு, பருப்பு, ஒரு முட்டை, அவ்வளவுதான் அந்தக் கூடுதல். உடம்பு எவ்வளவு நிறை கூட வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். மெலிந்த தாய் 12.5 முதல் 18 கிலோ வரை கூட வேண்டும். நடுத்தர உடம்புக்கு 11.5 முதல் 16 வரை. ஏற்கெனவே பருமனாக இருக்கிறவருக்கு 7 முதல் 11.5 வரை போதும். உங்களுக்கு எது என்பதை மருத்துவ மாது உயரமும் நிறையும் பார்த்துச் சொல்லுவார். அதற்கு நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் பதிய வேண்டும். ஐந்து மாதம் வரை மறைத்து வைக்கிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. ஒல்லாந்துக் கதையில் முதல் மாதங்கள் என்ன செய்தன என்று இப்போதுதானே கேட்டீர்கள்.

திரிபோஷவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு பைக்கட் 750 கிராம். ஒரு தாய் நாளுக்கு 50 கிராம் எடுத்தால் 15 நாளைக்கு வரும். வீட்டில் ஐந்து பேர் உருண்டை பிடித்துச் சாப்பிட்டால் மூன்றே நாளில் முடிந்துவிடும். பசியோடு பார்த்துக்கொண்டிருக்கிற மூத்த பிள்ளைக்குக் கொடுக்காமல் தாய் எப்படிச் சாப்பிடுவாள் என்று கேட்பீர்கள். அது கஷ்டம்தான். ஆனால் பெரியவர்களாவது அதில் கை வைக்காமல் இருக்கலாம்.

இரத்தச்சோகைக்குக் கொடுக்கிற இரும்புக் குளிசையைக் கூரை இடுக்கில் சொருகி வைக்கிறவர்களும் உண்டு! குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பயப்படுகிறார்கள். கறுப்பாகப் போவது குளிசையால் வருவது, ஆபத்தில்லை. குமட்டினால் இரவு படுக்கப் போகும்போது போடுங்க. கல்சியம் குளிசையோடு சேர்த்துப் போட வேண்டாம், வேறு நேரத்தில் போடுங்க. உலகத்துக்கே தேயிலை கொடுக்கிற நமக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: தேத்தண்ணி சாப்பாட்டில் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்க. சாப்பாட்டோடு தேசிக்காய், கொய்யா, நெல்லி ஏதாவது சேர்ந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

இனி மறுபக்கம். எல்லாத் தாய்மாரும் மெலிந்தவர்கள் இல்லை. வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கிற தங்கச்சிமார், கொழும்பில் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள் சிலர் பருமனாகவே கர்ப்பமாகிறார்கள். சிலருக்குக் கர்ப்ப காலத்தில் மட்டும் சீனி ஏறும். தாயின் இரத்தத்தில் கூடுகிற சீனி தொப்புள் கொடி வழியே பிள்ளைக்குப் போகும். பிள்ளையின் சதையி அதைச் சமாளிக்க இன்சுலினை அதிகம் சுரக்கும், அந்தச் சீனி கொழுப்பாக மாறும். நான்கு கிலோவில் பிள்ளை பிறந்தால் லயமே வந்து பார்த்து மகிழும். ஆனால் அந்தப் பிள்ளைக்கும் பிறகு பருமனும் சீனி வருத்தமும் வர வாய்ப்பு அதிகம். ஆகவே கிளினிக்கில் சீனிக்கு இரத்தம் சோதிக்கச் சொன்னால், ஆறு மாதமளவில் குளுக்கோஸ் குடித்துச் செய்கிற சோதனைக்குக் கூப்பிட்டால், கட்டாயம் போங்க.

புகையிலையும் இதில் சேர்ந்ததுதான். கர்ப்பிணி வெற்றிலையில் புகையிலை வைத்துப் போட்டாலும், பக்கத்தில் படுத்திருக்கிறவர் பீடி, சிகரெட் பிடித்தாலும் பிள்ளைக்குப் போகிற இரத்தம் குறையும், பிள்ளை நிறை குறைந்து பிறக்கும். ஒற்றை அறை லயத்தில் புகைக்கு வேறு வழி ஏது? குடிக்கிற விஷயத்தை நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அரைப் போத்தல் சாராயத்தின் விலைக்கு எத்தனை முட்டை வரும் என்று அப்பாமாரே கணக்குப் போட்டுப் பாருங்க.

பிள்ளை பிறந்த பிறகும் வேலை முடியவில்லை. முதலில் வருகிற மஞ்சள் பாலைப் பிழிந்து ஊற்றிவிட வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். தாய்ப்பால் குடித்து வளர்கிற பிள்ளைக்குப் பிற்காலத்தில் பருமன் வருவது குறைவு. "மலைக்குப் போனா எப்படிங்க பால் கொடுக்கிறது?" என்று கேட்கிறீர்கள். 1939ஆம் ஆண்டு மகப்பேற்று நன்மைகள் சட்டம் இருக்கிறது. 2018இல் செய்த திருத்தத்தின்படி, எத்தனையாவது பிள்ளை என்றாலும் 12 கிழமை லீவு உண்டு. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்க ஒரு நாள் வேலையில் இரண்டு தடவை இடைவேளை எடுக்கலாம். பிள்ளை மடுவம் இருக்கிற இடத்தில் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலத்துக்குக் குறையக்கூடாது. அது சலுகை இல்லை, சட்டம். கணக்கப்பிள்ளையிடம் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

ஆறு மாதம் முடிந்ததும் சோறு, பருப்பு, கீரை, மீன், முட்டை மசித்துக் கொடுங்க. ஒரு வயது வரை சீனியும் உப்பும் சேர்க்க வேண்டாம். பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் நனைத்துக் கொடுக்கிற பழக்கம்தான் நம் பிள்ளை மடுவங்களில் பெரிய எதிரி. பிள்ளை சின்னதாகப் பிறந்துவிட்டதே என்ற கவலையில் சீனியும் பால்மாவும் கொடுத்துத் தேற்றப் பார்க்கிறார்கள். முதல் இரண்டு வருஷத்தில் பிள்ளை நன்றாக நிறை கூடுவது நல்லதுதான், ஆனால் அது சரியான சாப்பாட்டால் கூட வேண்டும். டில்லியில் பிள்ளைகளைப் பிறந்ததிலிருந்து பெரியவர்களாகும்வரை அளந்து வந்தார்கள். இளம் வயதிலேயே சீனி வருத்தம் வந்தவர்கள் இரண்டு வயது வரை மெலிந்திருந்து, அதன் பிறகு வேகமாகச் சதை போட்டவர்கள். பன்னிரண்டு வயதில்கூட அவர்களைப் பார்த்து யாரும் குண்டு என்று சொல்லியிருக்க முடியாது. அதனால் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், கிளினிக் கொப்பியில் இருக்கிற கோட்டைப் பாருங்க.

சீனியைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. பிரிட்டனில் யுத்தம் தொடங்கிய பிறகு சீனிக்குப் பங்கீடு வைத்திருந்தார்கள், 1953 செப்டெம்பரில்தான் அதை எடுத்தார்கள். வயிற்றில் இருந்த காலத்திலும் முதல் இரண்டு வருஷத்திலும் அந்தப் பங்கீட்டுச் சீனியோடு வளர்ந்தவர்களுக்கு, பிற்காலத்தில் சீனி வருத்தம் சுமார் 35 சதவீதம் குறைவாக வந்ததாக 2024இல் ஓர் ஆய்வு சொன்னது. அவர்களும் நம்மைப் போலத் தேத்தண்ணிக்காரர்கள். நம் நாட்டில் 2016இலிருந்து சோடாப் போத்தலில் நிற அடையாளம் போடுகிறார்கள். சிவப்பு என்றால் 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி. 400 மில்லிலீட்டர் போத்தல் ஒன்றில் ஒன்பது தேக்கரண்டிக்கு வந்துவிடும். திருவிழாவுக்கு ஒரு நாள் பரவாயில்லை, சம்பளம் போட்ட நாளெல்லாம் வேண்டாம்.

கொப்பியைப் பற்றிச் சொன்னோம். 1911இல் இங்கிலாந்தில் ஹார்ட்போர்ட்ஷயர் என்ற மாவட்டத்தில் மார்கரெட் பர்ன்சைட் என்ற அம்மையார் தன் மருத்துவ மாதர்களை வைத்து, பிறக்கிற ஒவ்வொரு பிள்ளையின் நிறையையும் ஒரு வயது நிறையையும் பதியத் தொடங்கினார். எழுபது, எண்பது வருஷம் கழித்து டாக்டர் பார்க்கர் அந்தப் பழைய புத்தகங்களை எடுத்துப் பார்த்துத்தான், சின்னதாகப் பிறந்து ஒரு வயதிலும் மெலிந்திருந்த ஆண்களுக்கு மாரடைப்புச் சாவு அதிகம் என்று 1989இல் உலகத்துக்குச் சொன்னார். உங்கள் மருத்துவ மாது மழையில் நனைந்து, மலை ஏறி வந்து எழுதுகிறதும் அதே கணக்குத்தான். கொப்பியைச் சாமி படத்துக்குப் பின்னால் மடித்து வைக்காமல் ஒவ்வொரு தடவையும் கொண்டு வாருங்க.

கேள்விகள் இருந்தால் இப்போது கேளுங்க. தராசு பிள்ளை மடுவத்தில் வைத்திருக்கிறோம். கர்ப்பிணிமார் முதலில் போகட்டும், கைப்பிள்ளைக்காரர்கள் அடுத்தது. மற்றவர்களுக்கு முருங்கைக் கீரை ரொட்டி சுட்டு வைத்திருக்கிறது. தேத்தண்ணி ஒரு மணித்தியாலம் கழித்துத்தான்.